இடப்பக்கமாய்ப் படுக்கிறவளின் நகை

போயாவுக்கு வங்கி பூட்டு.
பத்து மணிக்குக் கரண்டும் போயிற்று.
கல்லாற்று வீட்டில்
வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டுப்
பன்பாயை விரித்தேன்.
படுத்துப் புரண்டதும்
சிமிக்கி குத்தியது.

கிழமையில் ஐந்து நாளும்
களுவாஞ்சிகுடிக் கிளையில், அடகுப் பிரிவில்
பிறத்தியாரின் பொன்னை உரைக்கிறவள் நான்.
கல்லில் ஒரு கோடு, கோட்டில் ஒரு துளி அசிட்,
தராசில் தசத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம்.
கல் பதித்ததென்றால் கல்லைக் கழித்து
அழுக்கைக் கழித்து
நூல் சுற்றியிருந்தால் நூலையும் கழித்து
மிச்சம்தான் பெறுமதி.
உடம்புக்கு இதமா என்று
எந்த நகையிடமும் நான் கேட்டதில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்றைக்குக் கேட்கிறேன்,
என்னுடையதையெல்லாம் தலையணை உறைமேல் கொட்டிவிட்டு.

காப்பு ஆகாது.
புத்தகம் தூக்கினால் முழங்கைக்கு ஓடும்,
கை தாழ்ந்தால் மணிக்கட்டுக்குத் திரும்பி ஓடும்,
சாவி தொலைத்தவள் மாதிரி.
கல்யாணத்துக்கு மாமி போட்ட அட்டியல்
நைற்றிக்கு மேலே கிடந்தால்
தேர்தலில் தோற்றவருக்கு விழுந்த மாலை.
மோதிரம் பரவாயில்லை;
மாக் குழைக்கப் போனால் கழற்றவேணும்,
கழற்றினால் வைத்த இடம் தேடவேணும்,
தேடுவதென்றால் எனக்கு லீவு எதற்கு?
கொலுசின் கொக்கி பாயின் பன்னில் மாட்டுகிறது.
சங்கிலி இருக்கட்டும். நித்திரையில்
கொடுப்புக்குள் வந்து உப்புக் கரிக்கும்.
சின்ன வயதிலிருந்தே சப்புகிற பழக்கம்,
ஒருத்தருக்கும் சொல்லாதது.

மிச்சம் காது.
வெறுங்காதாய் விட ஏலாது,
ஒரு மாதத்தில் துளை தூர்ந்துபோகிற காது எனக்கு.
பொட்டுத்தோடு என்றாலும்
பின்னால் சுரை இருக்கிறதே.
முன்னால் பூ, பின்னால் ஆணி:
இதைச் செய்தவன்
மல்லாந்து படுக்கிற பெண்களை மட்டும்தான் கண்டானோ.

அப்போதுதான் அவள் ஞாபகம் வந்தது,
ஐப்பசியில், விதைப்புக்கு,
மண்டூரிலிருந்து பாதையேறி வந்தவள்.
நல்லரெத்தினம் செல்வநிதி என்று துண்டில் எழுதியிருந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே
தோடு இரண்டையும் கழற்றித் தட்டில் வைத்தாள்.
உரம், நாசினி என்று
நான் கேளாத காரணத்தையும் வைத்தாள்.
பிறகு கைப்பையின் சின்ன ஸிப்பைத் திறந்து
வீட்டிலேயே அளந்து முறித்துக் கொண்டுவந்த
இரண்டு ஈர்க்குத் துண்டை எடுத்துக்
காதில் செருகினாள்.
முகம் பார்க்கக் கண்ணாடி தேடவில்லை.
வரிசையில் நின்ற ஒருத்தரும் பார்க்கவில்லை,
அல்லது பார்த்துவிட்டு
ஃபான் பக்கம் திரும்பினார்கள்.
மூன்று தசம் எட்டு நான்கு கிராம்
என்று எழுதினேன்.

எழும்பிக் குசினிக்குப் போனேன்.
புது விளக்குமாற்றில் மெல்லிசாய் ஒரு ஈர்க்கு உருவி
நகவெட்டியால் நறுக்கி
நுனியைச் சீமெந்தில் தேய்த்துப்
போட்டேன்.
இடப்பக்கமாய்ச் சரிந்தேன்.

குத்தவில்லை.
பாரம் இல்லை, சத்தம் இல்லை.
காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.
இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று
ஒரு நகைக்கடையும் விளம்பரம் போட்டதில்லை.

கரண்ட் வந்து கண் திறக்க இரண்டு மணி.
பிரதீபன் வாசலில் நின்று சிரித்தார்.
"என்ன புள்ள, உங்கட பேங்குலயே அடகு வெச்சிற்றியா?"
நானும் சிரித்தேன்.
சிரித்து முடிய முன்னம்
கை காதுக்குப் போயிற்று.

கழற்றவா?
கழற்றினால் அவளுக்கு என்ன ஆகிறது.
வைத்திருந்தால்தான் என்ன ஆகிறது.
திரும்பவும் படுத்தேன், அதே பக்கம்.
சுகம் அப்படியேதான் இருந்தது,
நித்திரைதான் வரவில்லை.

நாளைக்குக் கிளை திறக்கும்.
மாசி பிறந்து வெட்டும் தொடங்கிவிட்டது,
மீட்கிறவர்கள் வருவார்கள்.
சிமிக்கியோடு உட்கார்ந்து வட்டி பார்ப்பேன்.
அவள் வந்தால்
உறையைக் கிழித்துத் தோட்டை நீட்டுவேன்.
ஈர்க்கை உருவிக்
குப்பைக்கூடையில் போடுகிறாளா
திரும்ப அந்த ஸிப்புக்குள் வைக்கிறாளா
என்று பார்ப்பேன்.